வலியில்லாத வார்டு

எங்கள் வார்டின் வாசலில் ஒரு சான்றிதழ் தொங்கியது. கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம் போட்டு, உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற உயரத்தில். ‘வலியில்லாத வார்டு’ என்று பெரிய எழுத்து.

அது எலும்பு முறிவு வார்டு. உள்ளே முப்பது கட்டில்கள். முப்பதிலும் காலோ கையோ இடுப்போ உடைந்த மனிதர்கள். கம்பி வைத்தவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், காலைத் தூக்கிக் கட்டி அதில் எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு மின்விசிறியோடு மட்டும் உறவு வைத்திருப்பவர்கள். இதில் ஒருவருக்கும் வலி இல்லை. கணினி அப்படித்தான் சொல்லியது. கணினி சொன்னால் நிர்வாகம் நம்பும். நிர்வாகம் நம்பினால் சட்டம் போட்டு மாட்டும்.

நான் அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். பூட்டி வைக்க வேண்டிய மருந்துகளின் அலமாரிச் சாவி என் இடுப்புப் பையில் இருக்கும். நடந்தால் சலசலக்கும். நான் வருவது எனக்கு முன்னாலேயே வந்துவிடும். கோயமுத்தூரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் திரைகள் எல்லாம் பறக்க, நானும் அவற்றோடு பறந்துகொண்டிருப்பேன். நான் உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் குறைவு.

காகிதத்தை விட்டுவிட்டு மருத்துவமனை கணினிக்கு மாறியபோது ஒவ்வொரு செவிலியர் கையிலும் ஒரு டேப் கொடுத்தார்கள். புத்தக அளவுக் கண்ணாடிப் பலகை. பலரும் அதைப் பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல் பயந்து பிடித்தார்கள். எனக்கு அது முதல் நாளே பிடித்துப்போனது. நாற்பத்தாறு வயதில் ஒரு பொருள் மேல் அப்படி ஆசை வரும் என்று நான் நினைக்கவில்லை. தொட்டால் காய்ச்சல் ஒரு கோடாக ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு மனிதனின் இரவு முழுவதும் ஒரு விரல் அகலத்தில் தெரிகிறது. மழைக்குப் பின் நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் நான் அந்தக் கோடுகளை எட்டிப் பார்த்தேன்.

நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாம் முடிந்து கடைசியில் வலி என்று ஒரு கட்டம். பூச்சியத்திலிருந்து பத்து வரை நோயாளி ஓர் எண் சொல்ல வேண்டும். எண் போடாமல் திரை நகராது.

“பத்துக்கு எத்தனை வலிக்குதுங்க?” என்று கேட்டால் எங்கள் மனிதர்கள் முதலில் சிரிப்பார்கள்.

“பரவாயில்லீங்க அம்மணி.”

“பரவாயில்லைன்னா எத்தனைங்க?”

“அட, நீங்களே பார்த்து ஒண்ணப் போட்டுக்குங்க.”

இன்னொருவர் விசாரித்துவிட்டுத்தான் சொல்வார். “பக்கத்துக் கட்டில்காரரு எத்தனை சொன்னாருங்க?”

“மூணுங்க.”

“அவரு பெரியவருங்க. இடுப்பே ஒடஞ்சு கெடக்கறாரு. அவருக்கு மேல நான் சொன்னா நல்லாருக்குங்களா? ஒண்ணு வெச்சுக்குங்க.”

மூன்றாமவர் வியாபாரி. “ஏழுன்னு சொன்னா ஊசி போடுவீங்களா?”

“போடுவோமுங்க.”

“அப்பப் பூச்சியமுங்க.”

இப்படியாகத்தான் எங்கள் வார்டில் வலி ஒழிந்தது. எல்லாக் கட்டிலிலும் பூச்சியம், ஒன்று, பூச்சியம். மற்ற ஊர் மருத்துவமனைகளின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த நிர்வாக அதிகாரி மலைத்துப்போனார். சான்றிதழ் மாட்டிய அன்று ஜாங்கிரி கொடுத்தார். நானும் தின்றேன். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தின்றேன்.

அதை உடைத்தது ஒரு கோபித்துக்கொண்ட மச்சான்.

உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்திருந்தார். முந்தின நாள்தான் மாவுக்கட்டு. காலையில் நான் சுற்றி வரும்போது அவர் கட்டிலைச் சுற்றி ஒரு சிறிய கல்யாணக் கூட்டம். ஒறம்பரை என்போம் எங்கள் பக்கம், வந்துபோகும் சொந்தபந்தங்களை. படுத்த இடத்திலிருந்தே அத்தனை பேரையும் உபசரித்துக்கொண்டிருந்தார்.

“காப்பி குடிக்காமப் போகாதீங்க. கீழ கேண்டீன் இருக்குது. ஏனுங்க மாமா, அந்த உப்புமாவும் நல்லாருக்குமாமா.” என்னைப் பார்த்ததும், “சிஸ்டரம்மா, நீங்களும் ஒரு வாய் குடிச்சுப்போட்டு வந்து ரத்த அழுத்தம் பாருங்க. நான் எங்கீம் ஓடிப்போயிர மாட்டேனுங்க. காலு ஒங்ககிட்டத்தான் இருக்குது.”

வார்டே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மதியம் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய கொய்யா. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்க சிஸ்டர், இந்தப் பையை என்ர தங்கச்சி வந்தா குடுத்துருங்க. நான் கெளம்பறேன்.”

“இப்பத்தான வந்தீங்க?”

“வந்தேனுங்க. காப்பி குடிச்சயான்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. அந்தாளு மேல பாத்துட்டே கெடக்கறாரு. நிலத்து வெவகாரத்துல போன வருசம் ஒரு ஓரியாட்டம். அத மனசுல வெச்சுட்டு இருக்கறாரு போல. சரீங், நமக்கெதுக்கு.”

நான் எழுந்தேன் என்பதைவிட நாற்காலி என்னைத் தள்ளியது என்று சொல்ல வேண்டும். காலையில் வந்த ஒவ்வொருத்தரையும் காப்பி குடிக்க வைத்த மனிதர். எனக்கே சொன்னவர். சொந்த மச்சானைக் கேட்கவில்லையா?

போய்ப் பார்த்தேன். சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. வலது கை, சென்னிமலைப் படுக்கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தது. நீலக் கரை அவர் விரலிடுக்கில் கசங்கி முறுக்கேறியிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த கால் விரல்களைத் தொட்டேன். குளிர்ந்திருந்தன. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினேன். பெரிய மனிதர், ஒரு குழந்தை விசும்புவதுபோல் மூச்சை இழுத்தார்.

“வலிக்குதுங்களா?”

“பரவாயில்லீங்க அம்மணி.”

கட்டுக்குள் கால் வீங்கி, ரத்தம் போக வழியில்லாமல் இறுகிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் கால் போயிருக்கும். மருத்துவர் ஓடி வந்து கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிளந்தார். மாவு தூசியாகப் பறந்தது. விரல்களில் நிறம் திரும்பியது. அவர் கை விரிப்பை விட்டது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார். பிறகு தலையைத் திருப்பி, கதவோரம் விழித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்தார்.

“அட, வாங்க மச்சான். எப்ப வந்தீங்க? காப்பி குடிச்சீங்களா?”

மச்சான் கொய்யாப் பையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

சாயந்தரம் நான் கேட்டேன். “ஏனுங்க, இத்தன வலிய வெச்சுட்டு ஏன் சொல்லாம இருந்தீங்க?”

“அந்தப் புள்ள மூணாவது கட்டிலுக்கு ஓடிட்டு இருந்துதுங்க. சோறு உண்ணுச்சோ என்னமோ. அதுக்கு நடுவுல நாம வேற எதுக்குங்க.”

அந்தப் புள்ள என்று அவர் சொன்னது எங்கள் செவிலியரைத்தான். அவள் டேப்பைப் பார்த்தேன். எட்டு மணிக்குப் பூச்சியம். பத்து மணிக்குப் பூச்சியம். பன்னிரண்டு மணிக்குப் பூச்சியம். மூன்றும் அவர் வாயால் சொன்னவை. மூன்றும் பொய். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்கச் சொன்னதைக் கேட்டாள், சொன்னதைப் போட்டாள். “வேற என்னத்தப் போடறதுங்க சிஸ்டர்?” என்று அவள் அழுதாள். அந்தக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனமில்லை. கால் பரபரத்தது.

மறுநாள் கணினி அறைக்குப் போனேன். அங்கே ஒரு பொறியாளர். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் தமிழ், திரையில் என்னென்னவோ பாஷை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். எதற்கும் மசியாதவள்.

“வலி பக்கத்துல ஒரு கேள்வி சேக்கோணுங்க கண்ணு.”

“என்ன கேள்விங்க சிஸ்டர்?”

“வந்தவங்களக் காப்பி குடிக்கச் சொன்னாரா?”

அவள் நாற்காலியை முழுதாகத் திருப்பினாள். “சிஸ்டர், இத நான் போட்டா என்னைய மொதல்ல காப்பி குடிக்க அனுப்பிச்சுருவாங்க. நிரந்தரமா.”

தேங்காய் வியாபாரியின் கதையைச் சொன்னேன். கேட்டாள். சற்று நேரம் பேனாவைக் கடித்தாள். “எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க,” என்றாள். “எங்கப்பா பித்தப்பையில கல்லு வெச்சுட்டு, வந்த ஆடிட்டருக்கு மோர் ஊத்துங்கன்னாரு. மோர்னு அவரு சொல்லாத அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரி போனோம்.” பிறகு கேட்டாள். “சரீங்க. ஒறம்பரையே வராதவங்களுக்கு?”

நல்ல கேள்வி. அப்போது வார்டில் வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண்மணி இருந்தார். தேயிலைச் சரிவில் சறுக்கி மணிக்கட்டு நொறுங்கியவர். அவரைப் பார்க்க ஆள் வர வேண்டுமென்றால் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும். ஒரு நாள் கூலி போகும். யாரும் வரவில்லை. நான் இரண்டு நாள் அவரையே பார்த்தேன். காலையில் எழுந்ததும் ஒற்றைக் கையால் போர்வையை மடிப்பார், நுனிக்கு நுனி சேர்த்து, கொழுந்துக் கூடையை அடுக்குகிற மாதிரி. வலி கூடிய காலையில் போர்வை சுருண்டு கிடந்தது. கேட்டால் பூச்சியம்தான் சொன்னார்.

அப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். சோறு தீர உண்டாரா? இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாரா? போர்வையை மடித்தாரா? வந்தவரைக் காப்பி குடிக்கச் சொன்னாரா? கேள்வியை நோயாளியிடம் கேட்க வேண்டாம். பார்த்தால் போதும். பார்த்துவிட்டு, அதன் பிறகு எண் கேட்பது. “நீங்க இன்னிக்குச் சோறு வெச்சுட்டீங்களே, அது எத்தனைங்க?” என்று கேட்டால், பிடிபட்டவர்போல் தலையைச் சொறிந்துகொண்டு, “அது ஒரு ஆறு இருக்குமுங்க” என்பார்கள். ஆறு! அந்த ஆறைக் கேட்ட முதல் நாள் வார்டில் செவிலியர்கள் கை தட்டினார்கள். நோயாளி மிரண்டு ஏழு என்று மாற்றிச் சொன்னார்.

மூன்று மாதத்தில் எங்கள் வார்டு வலியால் நிரம்பியது. நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் எண்ணுக்குப் பயந்தவர்.

“ஏனுங்க சிஸ்டர், உங்க வார்டுல திடீர்னு எல்லாத்துக்கும் வலி வந்துருச்சுங்களாமா?”

“முன்னயும் இருந்துதுங்க சார். இப்பத்தான் சொல்றாங்க.”

“சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க,” என்று முனகினார். ஆனால் மருந்து நேரத்துக்குப் போவதையும், ஆட்கள் சீக்கிரம் எழுந்து நடப்பதையும் மருத்துவர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் அவரே வந்து சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஆணி மட்டும் நின்றது. அதில் ஒரு காலண்டரை மாட்டினேன்.

அந்த நாட்களில்தான் பொறியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஓர் அறக்கட்டளை, வார்டு நடத்தும் செவிலியர்கள் மருத்துவத் தொழில்நுட்பம் படிக்க நல்கை கொடுக்கிறது. ஒரு வருடப் படிப்பு. பெரும்பகுதி வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். ஆறு வாரம் மட்டும் சென்னையில் நேர் வகுப்பு. படிப்புக் கட்டணமும் தருவார்கள், அந்த ஆறு வாரம் என் இடத்தில் வேறொரு சிஸ்டரை அமர்த்தும் செலவும் தருவார்கள்.

அந்த இரண்டாவதுதான் எனக்கு உயிர். கட்டணத்தைக்கூட எப்படியோ புரட்டலாம். என் இடத்தில் ஆள் இல்லாமல் நான் நகர முடியாது. நிர்வாகம் முதலிலேயே சொல்லிவிட்டது. போய் வாங்க, ஆனால் மாற்று ஆள் எங்களால் போட முடியாது என்று. முப்பது கட்டிலை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

படிக்க வேண்டும் என்ற ஆசையோ நாளுக்கு நாள் வளர்ந்தது. காப்பிக் கேள்வியை நான் சொல்ல, அவள் கட்டினாள். அடுத்த கேள்வியை நானே கட்ட வேண்டும். திரைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸில் போகும்போது விரல்கள் தொடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, ‘உங்கள் முயற்சியால் ஏற்பட்ட முன்னேற்றத்தை வரைபடமாகக் காட்டவும்.’ என் வரைபடம் என்ன காட்டும்? ஆழியாறு வரை தரையோடு தரையாகப் போய், அப்புறம் வால்பாறைச் சாலைபோல் வளைந்து வளைந்து மேலே ஏறி, மருந்து நேரத்துக்குப் போன கடைசி வாரங்களில் மட்டும் கொஞ்சம் இறங்கும் ஒரு கோடு. வலி ஏறுகிறது. அதற்கு நான் பொறுப்பு. அதற்கு நல்கை வேண்டும்.

“முன்னாடி மாசத்தையெல்லாம் வெட்டிப்போட்டு உச்சியில இருந்து ஆரம்பிங்க. அப்பறம் எறங்கறது மட்டும் தெரியும்,” என்றார் நிர்வாக அதிகாரி, நல்லெண்ணத்தில். ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஜாங்கிரி ஞாபகம் வந்தது. தரையோடு கிடந்த கோட்டையும் சேர்த்தே அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன். ‘இந்தத் தட்டையான பகுதியில் ஒரு மனிதர் தன் காலை இழக்க இருந்தார்.’

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஈரோடு போகும் வழியில் ஒரு கல்லூரி. என் வீட்டுக்காரர் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னை வண்டியில் கொண்டுபோய் இறக்கினார். புதுச் சேலை கட்டியிருந்தேன். இடுப்பில் சாவி இல்லாமல் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது.

உள்ளே மூன்று பேர். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓய்வுபெற்ற மேட்ரன் ஒருவர். மடிக்கணினிக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிந்த ஒரு பேராசிரியர். நடுவில் அறக்கட்டளைக்காரர், பழைய மில் குடும்பத்து மனிதர், வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, பேச்சில் அப்படி ஒரு பதம். காப்பி வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார்கள்.

“இல்லீங்க, வேண்டாமுங்க,” என்றேன்.

முக்கால் மணி நேரம் கேட்டார்கள். மேட்ரனம்மா என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, “இது ஏறுதா இறங்குதா?” என்றார். ஏறுகிறது என்றேன். ஏன் என்றார். தேங்காய் வியாபாரி, மச்சான், கொய்யாப் பை எல்லாம் வந்தது. பேராசிரியர் மடிக்கணினியை மூடிவிட்டுச் சிரித்தார். நான் பறந்துகொண்டிருந்தேன். அறையிலேயே எழுந்து நின்று, போர்வையை ஒற்றைக் கையால் எப்படி மடிப்பார் என்று சேலைத் தலைப்பை வைத்துக் காட்டிவிட்டேன்.

கடைசியில் வெள்ளை மீசைக்காரர் முன்னால் சாய்ந்தார்.

“அம்மணி, தப்பா எடுத்துக்கப்படாது. விண்ணப்பம் நெறைய வந்திருக்குதுங்க. படிப்புக் கட்டணத்த நாங்க பாத்துக்கறோம். அந்த மாத்து ஆள் சமாச்சாரம் மட்டும் நீங்களே எப்படியாச்சும் சமாளிச்சுக்க முடியுங்களா? கேக்கறதுக்கே சங்கடமா இருக்குது.”

அவர் சங்கடப்படுகிறார். பெரிய மனிதர், என் முன்னால் கைகளைப் பிசைகிறார். அதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

“பரவாயில்லீங்க சார். நான் பாத்துக்கறேனுங்க.”

வாய் சொல்லிவிட்டது. கை கும்பிட்டுவிட்டது. கால் வெளியே வந்துவிட்டது.

வாசலில் வேப்ப மரத்தடியில் வண்டியைச் சாய்த்து நின்றார் வீட்டுக்காரர்.

“என்னாச்சு?”

“நல்லாத்தான் பேசுனேன்.”

“குடுப்பாங்களா?”

“கட்டணம் குடுப்பாங்க. ஆள் போடறதுக்கு மட்டும் நம்மளையே பாத்துக்கச் சொன்னாங்க. சரீன்னுட்டேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டறையில் எரிந்த மோட்டாரைப் பிரிக்குமுன் ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வை.

“வா, அந்தக் கடையில காப்பி குடிக்கலாம்.”

“எனக்கு வேண்டாமுங்க.”

“உள்ளார குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. வேண்டான்னுட்டேன்.”

“காத்தால இட்லி?”

“ரெண்டு வெச்சேன். ஒண்ணு தட்டுலயே கெடந்துது.”

“ராத்திரி பொரண்டு பொரண்டு படுத்த.” விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ஏ அம்மணி, உன்ர டேப்புல இதுக்கெல்லாம் கட்டம் வெச்சிருக்கற இல்ல? பத்துக்கு எத்தன போடறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. வேப்பம் பூ தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே முக்கால் மணி நேரம் எதை விளக்கினேனோ அதையே செய்துவிட்டு வந்து நிற்கிறேன். என் கட்டிலில் நானே படுத்து, எனக்கு நானே பூச்சியம் போட்டுக்கொண்டு.

“மோட்டாருன்னா பொகையாவது வரும். ஒங்களையெல்லாம் என்ன பண்றது?” என்றார். “போ. போயிச் சொல்லிப்போட்டு வா. நான் எங்கீம் போகல.”

ஓடினேன். அடுத்த ஆள் கதவில் கை வைத்திருந்தார். திருப்பூர்ப் பக்கத்து சிஸ்டர், கையில் ஃபைலோடு. “ஏனுங்க, ஒரே ஒரு நிமிசமுங்க,” என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, “போங்க, போங்க,” என்று தள்ளியே விட்டார்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

“சார், மன்னிக்கோணும். நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க.”

மேட்ரனம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“மாத்து ஆள நான் பாத்துக்க முடியாதுங்க. ஆள் இல்லாட்டி நான் ஒரு நாள்கூட வர முடியாது. நீங்க சங்கடப்பட்டீங்க, எனக்குப் பொறுக்கல, சரீன்னுட்டேன். அந்தத் தேங்கா யாவாரி செஞ்சதையேதான் நானும் செஞ்சுபோட்டேன். இப்பச் சொல்றேனுங்க. எனக்கு இந்தப் படிப்பு வேணும். ஆளோட சேத்து வேணும். பாதி வேண்டாமுங்க.”

என் வாழ்நாளில் இன்னொருவரிடம் ‘எனக்கு வேணும்’ என்று இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மேட்ரனம்மா கேட்டார். “பத்துக்கு எத்தனை?”

“பத்துங்கம்மா.”

“குறைச்சுச் சொல்லலையே?”

“இல்லீங்கம்மா. பதினொண்ணு இல்லைங்கறதால பத்து.”

வெள்ளை மீசைக்காரர் முதலில் சிரித்தார். சிரித்தபடியே, தொடாமல் ஆறிப்போயிருந்த என் டம்ளரை நகர்த்திவிட்டு, வாசலைப் பார்த்துக் கை காட்டினார். “மொதல்ல இவங்களுக்குச் சூடா ஒரு காப்பி கொண்டாங்க. நான் கேட்ட கேள்வியே தப்புங்க அம்மணி. நாங்களும் இந்த ஊருதான? கேக்கற மாதிரி கேட்டா நீங்க சரீன்னுதான் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சிருக்கோணும்.”

காப்பி வந்தது. நின்றுகொண்டே குடித்தேன். நாக்கு வெந்தது. அவ்வளவு ருசியான காப்பியை நான் குடித்ததில்லை.

தகவல் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அது வந்தபோது நான் ஒருவர் காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். பொறியாளர் கணினி அறையிலிருந்து மூன்று மாடி ஏறி ஓடி வந்தாள், லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல். மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆளோட சேத்துங்க சிஸ்டர்! ஆளோட சேத்து!” என்று கத்தினாள். என்ன ஏது என்று தெரியாமலே பன்னிரண்டாவது கட்டில்காரர் கை தட்ட, ஒரு கையில் மாவுக்கட்டு இருந்தவர்கள் தொடையில் தட்ட, வார்டு கொஞ்ச நேரம் மருத்துவமனைபோல் இல்லை. நிர்வாக அதிகாரி மறுபடியும் ஜாங்கிரி வாங்கினார். இந்த முறை இரண்டு தின்றேன்.

என் இடத்துக்கு ஒரு சிஸ்டர் வந்தார். கோபிச்செட்டிபாளையம் பக்கம். அமைதியானவர், கெட்டிக்காரர். பத்து நாள் கூடவே வைத்துக்கொண்டு எல்லாம் காட்டினேன். கிளம்புகிற அன்று சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் நடந்தபோது அது சலசலத்தது. என் சத்தம் இன்னொருவர் இடுப்பில் போவதை நின்று கேட்டேன். சென்னை ரயிலில் ஜன்னலோரம். நான் உட்கார்ந்திருக்க, என்னைத் தவிர எல்லாம் பறந்தன. தென்னந்தோப்புகள், நூல் மில் சுவர்கள், காற்றாலைகள்.

முதல் நாள் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் என் மகள் வயது. திரையில் அந்த ஓடும் எழுத்துகள். முதல் மணி நேரத்தில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவதில் ஒன்று புரிந்தது. ஒரு கட்டத்தை நானே கட்டினேன். காலியான, சின்ன, சதுரக் கட்டம். அதில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தேடியது.

மதிய இடைவேளையில் வார்டுக்கு ஃபோன் அடித்தேன்.

“எப்படிங்க போகுது?”

“பரவாயில்லீங்க சிஸ்டர்,” என்றார் கோபிக்காரர். “ஒண்ணும் பிரச்சனையில்ல. நீங்க வெசனப்படாமப் படிங்க.”

வராந்தாவில் வெயில். ஒரு காக்கை தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சோறு உண்டாச்சுங்களா?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, பிடிபட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

“இன்னும் இல்லீங்க சிஸ்டர்.”

“பத்துக்கு எத்தனைங்க?”

“அய்யோ, என்னையுமா.” மறுபடி சிரித்தார். அப்புறம் மெதுவாக, “ஆறு இருக்குமுங்க. ரெண்டு பேரு லீவு. புதுசா நாலு அட்மிஷன். அந்த டேப் வேற ஒண்ணு வேலை செய்யல.”

ஆறு. முதல் நாளிலேயே ஆறு என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படிச் சொல்ல இருபது வருடம் ஆயிற்று.

“அப்படிச் சொல்லுங்க,” என்றேன். யார் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மாடியில் உதவிக்கு ஆள் இருக்கும், டேப்புக்குக் கணினி அறையில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். ஒன்றொன்றாக எழுதிக்கொண்டார். வைக்கும்போது, “சிஸ்டர், நீங்க காப்பி குடிச்சீங்களா?” என்றார்.

“ரெண்டு டம்ளருங்க,” என்றேன். அது நிஜம்.